தப்புப் பலகை

சூசைநாதன் கிருமாம்பாக்கத்துக்குக் கிராமசேவக்காக வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. 1968ஆம் வருடத் தொடக்கம். அவருக்கு வயது முப்பத்திரண்டு. பயிற்சிப் பள்ளியில் முதல் ஆளாகத் தேறியவர். பாகூர் கொம்யூன் வட்டாரத்தில் ஆறு ஊர்களின் விவசாயிகளுக்குப் புதிய முறைகளைச் சொல்லித் தருவது அவர் வேலை. தும்பைப்பூ வெள்ளையில் சட்டை, சைக்கிள் கேரியரில் சுருட்டிக் கட்டிய படங்கள், தோள்பையில் ஆபீஸ் கொடுத்த கையேடு என்று தினமும் காலையில் கிளம்பிவிடுவார். எந்த ஊரிலும் மரியாதைக்குக் குறைவில்லை. தூரத்தில் சைக்கிள் தெரிந்ததும் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். எழுந்தவர்கள் அப்படியே ஆளுக்கொரு பக்கமாக நழுவியும் விடுவார்கள்.

பாகூரில் உரக்கடை வைத்திருந்த மைதீன் பிச்சை ஒருநாள் இதைப் பளிச்சென்று சொல்லிவிட்டார். இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது.

"கோவிச்சுக்காதீங்க சார். நீங்க பேச ஆரம்பிச்சா நடுவுல ஒரு வார்த்தை போட முடியல. ஒருத்தன் சந்தேகம் கேட்டா, அவன் இன்னாமோ குத்தம் பண்ண மாதிரி மொறைக்கிறீங்க. அப்பறம் எவன் நிப்பான்?"

சூசைநாதன் சிரித்து மழுப்பினார். சந்தேகம் கேட்பவர்களை அவர் முறைத்தது கோபத்தால் அல்ல, பயத்தால். பதில் தெரியாத கேள்வி வந்துவிடுமோ என்ற பயம். அவருடைய அப்பா புதுச்சேரியில் ஒரு அலுவலகத்தில் முப்பது வருடம் பியூனாக இருந்தவர். மகனுக்கு வேலை கிடைத்த அன்று அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "தெரியலன்னு மட்டும் எவன்கிட்டயும் சொல்லிடாதடா. சொன்னா, மறுநாள் உன்னியே டீ வாங்கியாரச் சொல்லுவான்." அந்தப் பேச்சை சூசைநாதன் ஒரு நாளும் மீறியதில்லை.

அந்தத் தை மாதம்தான் பாகூர்ப் பக்கம் முதன்முதலாக ஐ.ஆர். எட்டு நெல்லைப் பயிர்செய்து காட்டச் சொல்லி உத்தரவு வந்தது. சாலையோரத்தில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரிலேயே அரைக்காணி நிலத்தை ஒரு மிராசுதார் விட்டுக்கொடுத்தார். 'செயல்விளக்கத் திடல்' என்று பெயின்ட் அடித்த பலகை நடப்பட்டது. நாற்று நடச் சின்னபொண்ணு என்பவள் பத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

சேற்றில் இறங்கும் முன் அவள் நாற்றைக் கையில் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "இன்னா சார், இவ்ளோ குட்டையா இருக்குது? எவ்ளோ ஆழத்துல நடணும்?"

சூசைநாதனுக்கு அந்த நிமிடம் ஞாபகம் வரவில்லை. தோள்பையில் கையேடு இருந்தது. எடுத்துப் புரட்டினால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் பதினோரு பெண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எப்பவும் நடுற மாதிரியே நடுங்க" என்றார் கம்பீரமாக.

அவர்கள் எப்போதும் நடுவது நெட்டையான பழைய நெல்லின் நாற்று. அதே ஆழத்தில் இந்தக் குட்டை நாற்றையும் அமுக்கினார்கள். இரண்டு வாரம் கழித்துப் பயிர் தூர் கட்டாமல் வெளிறிப்போய் நின்றது. அறைக்குப் போய்க் கையேட்டைத் திறந்தார். 'ஒரு அங்குலத்துக்கு மேல் ஆழம் கூடாது' என்று கறுப்பு எழுத்தில் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் யூரியாவை அள்ளித் தெளித்தார். பத்து நாளில் பயிர் கறுகறுவென்று எழும்பிவிடும் என்று கணக்குப் போட்டார்.

பத்து நாள் கழித்து வந்து பார்த்தால், பயிர் கறுகறுவென்று எழும்பித்தான் இருந்தது. ஆனால் எழும்பியிருந்தது பக்கத்து வயலில்.

திடலுக்குக் கீழண்டை வயல் தையலம்மாளுடையது. அவள் புருஷன் கண்ணையன் புதுச்சேரி மில்லில் வேலை செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வருவான். ஏர் ஓட்ட ஆள் பிடிப்பதிலிருந்து அறுப்பு வரைக்கும் அவள் பொறுப்புதான். அன்று வரப்பின்மேல் நின்றுகொண்டு அவரைக் கண்டதும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள்.

"சார், ஒங்க ஆபீசு உரம் நல்ல உரம் சார்! என் பயிரு எப்டி இருக்குது பாருங்க. நான் ஒரு பிடிகூடப் போடல."

சூசைநாதனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அவள் காலடியைப் பார்த்தார். வரப்பின் அடியில் வரிசையாக நண்டு வளைகள். திடலில் கரைந்த யூரியா முழுக்க அந்த ஓட்டைகள் வழியாகக் கீழ்வயலுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. களை எடுத்துக்கொண்டிருந்த சின்னபொண்ணும் மற்றவர்களும் நிமிர்ந்து அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"அது வந்து... பக்கத்து வயலையும் சேர்த்துத்தான் பார்க்கிறோம். ஒரு ஆராய்ச்சி" என்றார்.

"அப்டியா!" என்றாள் தையலம்மாள். "அப்ப அடுத்த தவணையும் இந்தப் பக்கமே வுட்டுடுங்க சார். இன்னும் ரெண்டு வளையை நானே தோண்டி வெக்கிறேன்."

வயல் முழுக்கச் சிரிப்பு. சூசைநாதன் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாகூர்ச் சாலையில் வேகவேகமாக மிதித்தார்.  ஒரு மைல் தாண்டியதும் மிதிப்பது தானாகக் குறைந்தது. புளியமரம் ஒன்றின் கீழ் இறங்கி நின்றார்.

சிரித்ததுகூட அவருக்குப் பெரிதாக உறுத்தவில்லை. அந்த வரப்பில் வளை இருப்பது தையலம்மாளுக்குத் தெரியும். நடவுக்கு வந்த பெண்களுக்கும் தெரியும். யூரியா தெளித்த அன்று "வரப்பு எப்படி?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், சொல்லியிருப்பார்கள். ஒன்றரை வருடமாக அவர் யாரையும் எதுவும் கேட்டதே இல்லை. தெரிந்தவன் மாதிரி இருக்கவே உடம்பில் இருக்கும் சக்தி முழுக்கச் செலவாகிக்கொண்டிருந்தது. தெரிந்துகொள்ள மிச்சம் இல்லை. இதை நினைத்ததும், ஆராய்ச்சி என்று தான் சொன்னதும் தையலம்மாள் முகம் போன போக்கும் கண்முன் வந்தன. தனியாக நின்று விழுந்து விழுந்து சிரித்தார். சைக்கிளைத் திருப்பினார்.

"தையலம்மா, ஆராய்ச்சியெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றார் வரப்பில் நின்று. "வளை இருக்கிறது எனக்குத் தெரியாது. பார்க்காம உரத்தைப் போட்டுட்டேன்."

அவள் கையிலிருந்த களையைக் கீழே போட்டாள். ஒரு அதிகாரி இப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை. "நெசமாவா சார்?"

"நெசமாத்தான். எப்படி அடைக்கிறதுன்னும் தெரியாது."

"இதுக்கு எதுக்கு சார் படிப்பு? எறங்குங்க, காட்டுறேன்."

பேன்ட்டை முழங்கால் வரைக்கும் சுருட்டிக்கொண்டு சூசைநாதன் சேற்றில் இறங்கினார். வைக்கோலைக் கயிற்றுப் பிரிபோல முறுக்கி வளைக்குள் திணித்து, மேலே களிமண்ணை மிதித்து அடைக்க வேண்டும். பதினேழு வளைகளை அடைத்தார்கள். ஒரு நண்டு அவர் கட்டைவிரலைக் கவ்வியபோது போட்ட சத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஓடி வந்தார்கள். அன்று மாலையே வரப்பில் உட்கார்ந்து கையேட்டைப் பிரித்து, நடவு ஆழம் பற்றி எழுதியிருந்ததைப் பெண்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினார்.

"அன்னிக்கே கேட்டேனே சார்" என்றாள் சின்னபொண்ணு.

"கேட்ட. எனக்கு ஞாபகம் இல்ல. பையில இருந்த புஸ்தகத்த எடுக்க வெக்கமா இருந்திச்சு."

அதுவரை அவர் பேச்சுக்கு இப்படி ஒரு அமைதி கிடைத்ததில்லை. ஒருத்தியும் நழுவவில்லை. சின்னபொண்ணு இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

அந்த இரவு முழுக்க யோசித்து, மறுநாள் மைதீன் பிச்சையிடம் போய் உடைந்த கடைக்கதவுப் பலகை ஒன்றைக் கேட்டு வாங்கினார். கரி பூசினார். சாக்கட்டியால் எழுதி, பெயின்ட் பலகைக்குப் பக்கத்திலேயே நட்டார்.

'இந்த வயலில் நான் செய்த தப்புகள். ஒன்று: நாற்றை ஆழமாக நட விட்டேன். ஒரு அங்குலம்தான் இருக்க வேண்டும். இரண்டு: நண்டு வளையை அடைக்காமல் யூரியா போட்டேன். சூசைநாதன், கிராமசேவக்.'

"வேலைக்கு ஒல வெச்சிக்கிறீங்களே சார்!" என்று மைதீன் பிச்சை தலையில் கை வைத்தார். சூசைநாதன் பலகை ஆடாமல் இருக்க அடியில் இரண்டு கல்லை வைத்து இறுக்கினார்.

முதல் இரண்டு நாள், பஸ்ஸுக்கு நிற்பவர்கள் படித்துவிட்டுச் சிரித்தார்கள். படிக்கத் தெரியாதவர்கள் தெரிந்தவர்களைப் படிக்கச் சொல்லிச் சிரித்தார்கள். மூன்றாம் நாள் காலையில் பலகையில் வேறொரு கையெழுத்து இருந்தது: 'மூணு: கெழக்கால வேலமரத்து நெழல் பயிருல வுழுது. கெளையக் கழிக்கல.'

அவருக்குச் சுருக்கென்றது. திரும்பிப் பார்த்தார். உண்மைதான், கிழக்கு மூலையில் பயிர் நோஞ்சானாக நின்றது. அரிவாள் கேட்டு வாங்கி மரத்தில் ஏறினார். அவர் ஏறிய லட்சணத்தைப் பார்க்கப் பொறுக்காமல் சிங்காரவேலு என்ற விவசாயி "எறங்குங்க சார், நான் கழிக்கிறேன்" என்று ஓடி வந்தார். எழுதியது அவர்தான் என்று அப்போதே தெரிந்துவிட்டது. கிளை கழித்துக்கொண்டே சிங்காரவேலு மரத்தின் மேலிருந்து கேள்வி கேட்டார். இந்த நெல்லுக்கு எத்தனை நாள் தண்ணீர் கட்டணும்? ஏரித் தண்ணி நின்றுபோனால் தாங்குமா? புகையான் பூச்சி விழுமா? சூசைநாதன் தெரிந்ததைச் சொன்னார். தெரியாததை ஒரு நோட்டில் எழுதி, "ஆபீஸ்ல கேட்டு வர்றேன்" என்றார். அடுத்த வாரம் பதிலோடும் வந்தார்.

பிறகு அவர் ஆட்களைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. சாயங்காலம் பலகையடியில் பத்துப் பேராவது நிற்பார்கள். யார் வயலில் என்ன தப்பு நடந்தது என்ற பேச்சு சிரிப்பும் கும்மாளமுமாக நடக்கும். எதிர் டீக்கடையிலிருந்து யாராவது அவருக்கு ஒரு கிளாஸ் டீயை வாங்கிக் கொண்டுவந்து கையில் கொடுப்பார்கள். முதல் தடவை அதை வாங்கியபோது சூசைநாதன் அப்பாவை நினைத்துக்கொண்டார்.

பங்குனியில் மேலதிகாரி மணவாளன் ஜீப்பில் வந்து இறங்கினார். பெயின்ட் பலகையைப் படித்துத் தலையசைத்தார். கரிப் பலகையைப் படித்ததும் முகம் மாறியது.

"சூசைநாதன், இது யார் வேலை?"

பொடிப்பசங்கள் கிறுக்கிவிட்டார்கள் என்று சொல்லிவிடலாம். அந்தப் பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "நான்தான் சார் எழுதினேன். மூணாவது மட்டும் அவர் எழுதினது" என்று பக்கத்தில் நின்ற சிங்காரவேலுவைக் காட்டினார்.

"அரசாங்கத் திடல்ல வந்து யாராவது தப்புன்னு எழுதி வெப்பாங்களா? நாளைக்குப் பெரியவங்க வந்து பார்த்தா என்ன ஆவறது? முதல்ல எடுங்க இத."

அதற்குள் ஜீப்பைச் சுற்றி முப்பது நாற்பது பேர் கூடிவிட்டார்கள். தையலம்மாள் முன்னால் வந்தாள்.

"அய்யா, ஒண்ணு கேக்கணும். இந்த நெல்லு குட்டையா இருக்குது. வைக்கோலும் மொறமொறன்னு தடியா இருக்கும்போல. இத மாடு தின்னுமா?"

மணவாளன் தொண்டையைச் செருமினார். சூசைநாதனுக்கு அந்தச் செருமல் நன்றாகத் தெரியும். ஒன்றரை வருடம் தானும் அப்படிச் செருமியவர்தானே. மணவாளன் கூட்டத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், பிறகு தொப்பியைக் கழற்றினார்.

"தெரியலம்மா. கேட்டுச் சொல்றேன்."

"அப்ப அதையும் பலகையில எழுதிடுங்க அய்யா. மறந்துடப் போறீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மணவாளனுக்கும் அடக்க முடியவில்லை. சாக்கட்டியை வாங்கி, 'நாலு: வைக்கோல் பற்றித் தெரியாமல் வந்துவிட்டேன்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். ஜீப்பில் ஏறும்போது, "எத்தனை வருஷமா இந்தப் பக்கம் வர்றேன், ஜீப்ப விட்டு எறங்கினா ரெண்டு பேர்கூட நிக்கமாட்டாங்க. இருக்கட்டும், பலகை இருக்கட்டும்" என்றார்.

சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்ளும் தப்புகள் சூசைநாதனுக்கு இப்போது பழகிவிட்டன. அடுத்து வந்தது அப்படிப்பட்டது அல்ல.

கதிர் முற்றிக்கொண்டிருந்த சமயம், ஒருநாள் பிற்பகலில் திடீரென்று கோடை மழை காற்றோடு அடித்தது. மறுநாள் காலையில் அவர் வந்து பார்த்தபோது திடலின் குட்டைப் பயிர் நிமிர்ந்து நின்றது. தையலம்மாளின் நெட்டைப் பயிர், வரப்பை ஒட்டிய பாதி, பாய் விரித்தாற்போல் படுத்துக் கிடந்தது.

"காத்து இப்டி பண்ணிட்டுப் போயிடுச்சே சார்" என்றாள் தையலம்மாள். கண் கலங்கியிருந்தது.

அவருக்குக் காரணம் தெரிந்துவிட்டது. நெட்டை ரகத்துக்கு யூரியா அதிகமானால் தண்டு வளர்ந்து, பலமில்லாமல் சாய்ந்துவிடும். பயிற்சியில் படித்ததுதான். அன்று அவள் பயிர் பச்சைப்பசேலென்று நின்றபோது வளையை அடைக்கத்தான் நினைத்தாரே தவிர, இது அவர் புத்தியில் தட்டவில்லை. இப்போது அவளுக்குக் காற்றின் மேல்தான் கோபம். அவர் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

படுத்துக் கிடந்த தண்டு ஒன்றைப் பிடுங்கி விரலால் வளைத்துப் பார்த்தார். பிறகு அவள் அருகில் போனார்.

"தையலம்மா, காத்து மட்டும் காரணம் இல்ல. என் யூரியா உன் வயலுக்கு வந்ததாலதான் பயிர் பலமில்லாம வளந்து சாஞ்சிடுச்சு. அன்னிக்கே தண்ணிய வடிச்சிருந்தா இவ்ளோ ஆகியிருக்காது. நான் அப்பவே சொல்லியிருக்கணும்."

"ஒங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"படிச்சிருந்தேன். தோணல."

அவள் வீட்டைப் பார்த்து நடந்தாள். சூசைநாதன் சாப்பிடக்கூடப் போகவில்லை. அன்று மத்தியானமே அவள் வயலின் மடையைத் திறந்து தண்ணீரை வடித்தார். சாய்ந்த பயிரை நாலு நாலு தூராகச் சேர்த்துத் தூக்கி, நெல் தாளாலேயே முடிச்சுப் போட்டு நிறுத்தத் தொடங்கினார். தையலம்மாளும் வந்து மறுகோடியிலிருந்து கட்ட ஆரம்பித்தாள். ஏறிட்டும் பார்க்கவில்லை. மறுநாளும் அப்படியே. சிங்காரவேலுவும் சின்னபொண்ணும் கூடச் சேர்ந்துகொண்டார்கள். மூன்றாம் நாள் இருவரும் வயல் நடுவில் எதிரெதிரே வந்து சேர்ந்தார்கள். அவர் போட்ட முடிச்சு ஒன்று அவள் கண்முன்னே அவிழ்ந்து பயிர் மறுபடி சாய்ந்தது.

"அப்டிப் போட்டா அவுந்துக்கும் சார்" என்றாள் அவள். "தாளை ரெண்டு சுத்து சுத்தி உள்ள சொருகணும். இப்டி."

அவர் அப்படியே செய்தார். முடிச்சு நின்றது. அன்று மாலை பலகையில் ஐந்தாவதாக இதையும் எழுதினார். எழுதியதைச் சிங்காரவேலு படித்துக் காட்ட, தையலம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"இன்னா சார், உங்க பேரு மட்டும் இருக்குது? வயலு யாருது? வளை இருக்குதுன்னு தெரிஞ்சும், சும்மா வர்ற உரம்தானேன்னு அடைக்காம வுட்டது நானு. அதையும் எழுதுங்க. தையலம்மாள், கிருமாம்பாக்கம்னு எழுதுங்க."

எழுதினார். அவள் எழுத்துகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

சித்திரைக் கடைசியில் அறுவடை நடந்தது. கட்டி நிறுத்தியதால் தையலம்மாளின் பயிரில் முக்காலே மூணுவீசம் தேறியது. திடலின் விளைச்சலும், கையேட்டில் சொன்ன அளவுக்கு வராவிட்டாலும், பக்கத்தில் எவர் வயலிலும் காணாத அளவில் இருந்தது. இத்தனை தப்புக்கு நடுவிலேயே இவ்வளவு என்றால், தப்பில்லாமல் செய்தால் எவ்வளவு வரும் என்று களத்தில் நின்றவர்கள் தாங்களாகவே பேசிக்கொண்டார்கள். மணவாளன் சொன்ன சொல் தவறாமல் வந்தார். ஆபீஸ் பதில் ஒன்றும் திருப்தியாக இல்லையாம். நேரிலேயே பார்த்துவிடலாம் என்று தையலம்மாளின் பசுவின் முன்னால் புது வைக்கோலை உதறிப் போட்டார்கள். பசு முகர்ந்தது. தலையைத் திருப்பிக்கொண்டது. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஒரு சுற்று சுற்றி வந்து, வேறு வழியில்லை என்பதுபோல் மெல்லத் தொடங்கியது.

"தின்னும்" என்றார் மணவாளன். "ஆனா மரியாதைக்குத் தின்னும்."

"வயல்ல பாதிக்குப் பாதி பழைய நெல்லும் போட்டுக்கிறேன்" என்றாள் தையலம்மாள். "என் மாட்டுக்கும் ஆசை இருக்குமில்ல?"

அடுத்த பட்டத்தில் பதினான்கு பேர் புது நெல் நட்டார்கள். ஒரு அங்குல ஆழத்தைச் சின்னபொண்ணு விரலால் அளந்து காட்டினாள். யூரியா மூட்டை வாங்க வந்தவர்களிடம் மைதீன் பிச்சை, "வரப்பப் பாத்தியா?" என்று முதலில் கேட்டார்.

மூன்று வருடம் கழித்து சூசைநாதனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. வில்லியனூர்ப் பக்கம், மானாவாரிச் செம்மண் ஊர்கள். புதுச் சட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, சாலையோரக் கொல்லையில் ஆமினா பீவி என்ற பெண் குனிந்து நிலக்கடலைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தாள். ஆபீசர் மாதிரி ஒருவர் வருவதைக் கண்டு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தாள்.

"வணக்கம்மா. நான் புதுசா வந்திருக்கிற விவசாய ஆபீசரு. நெல்லு ஓரளவுக்குத் தெரியும். மல்லாட்டைன்னா வறுத்துத் திங்க மட்டும்தான் தெரியும். கொஞ்சம் காட்டுறீங்களா?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த செடியை உதறி, வேரில் தொங்கிய காய்களை அவர் முன்னால் நீட்டினாள்.

"மொதல்ல செருப்பக் கழட்டிட்டு எறங்குங்க" என்றாள். "மண்ணு காலுக்குத் தெரியணும்."

சூசைநாதன் செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டுவிட்டு இறங்கினார்.